எந்தக் காகிதம் கைக்கு வந்தால் வீட்டுக்குப் போவீங்க? மனு எழுதுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மனு எழுத வருகிறவர்கள் முதலில் சொல்வது, "எனக்கு அவ்வளவா எழுத வராதுங்க" என்பதுதான். அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது, ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி.

நான் வருவாய்த்துறையில் இருந்தவள். பெரும்பாலும் தபால் பிரிவு. வருகிற மனுவைப் பிரித்துப் படித்து, தன்பதிவேட்டில், அதாவது வருகிற காகிதங்களைக் குறித்துவைக்கும் ஏட்டில் ஏற்றி, எந்தப் பிரிவுக்குப் போகவேண்டுமோ அங்கே தள்ளிவிடுவது என் வேலை. இப்போது ஓய்வுபெற்றுச் சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால், ஞாயிறு மாலையானால் அக்கம்பக்கத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் யாராவது ஒரு வெள்ளைத்தாளோடு வந்துவிடுவார்கள். படிக்கிற மேசையிலும் இருந்தாயிற்று, எழுதுகிற திண்ணையிலும் இருந்தாயிற்று. எழுத்துப்பிழை இருக்கிறது என்பதற்காக ஒரு மனு தள்ளுபடியானதை நான் பார்த்ததே இல்லை. என்ன கேட்கிறார் என்று புரியாமல் மேசை மேசையாகச் சுற்றிய மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழில் எழுதப்பட்டவை.

ஒரு மாதிரி காட்டுகிறேன். பெயர், ஊர் எல்லாம் நீக்கிவிட்டேன்.

"தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில், எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நேர்மையின் வழிநின்று வாழ்ந்துவருவது ஊரறிந்த உண்மை. இந்நிலையில், சில தீய சக்திகளின் தூண்டுதலால் எங்கள் பூர்வீகச் சொத்தின் உரிமை கேள்விக்குறியாக்கப்பட்டுள்ளது. தாங்கள் இதில் தலையிட்டு, நீதியை நிலைநாட்ட ஆவன செய்யுமாறு…"

எழுதியவர் படித்தவர், நல்ல கையெழுத்து. மூன்று பக்கமும் இப்படியே போகிறது. இதை நான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது? நிலமா, வீடா? ஆக்கிரமிப்பா, பட்டாவில் பெயர்ப் பிழையா, பாகப்பிரிவினைத் தகராறா? தீய சக்தி யார்? சர்வே எண் எங்கே? கடைசியில் அவரையே வரவழைத்துக் கேட்டபோது தெரிந்தது, காலமாகிவிட்ட அப்பா பெயரில் இருக்கும் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றவேண்டும். அவ்வளவுதான். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று மலையிலிருந்து வந்தது. நோட்டுப் புத்தகத்துத் தாளில் பென்சிலால் எழுதியது.

"ஐயா வணக்கம். எங்க ஊர் மேல காபி தோட்டத்து பாதையில கரண்டு கம்பம் சாஞ்சி நிக்கிது. கம்பத்துல 14ன்னு எழுதி இருக்கு. ஆடி மாச காத்துல சாஞ்சது. பள்ளிகூடம் போற பிள்ளைங்க அதுக்கு அடியில தான் போவனும். நிமித்தி குடுங்க இல்ல மாத்தி குடுங்க. எடம் தெரியலனா இந்த போன்ல கூப்டுங்க நானே வந்து காட்டறேன்."

இதைப் பிரித்து அனுப்ப எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கே, எது, எப்போதிருந்து, யாருக்கு ஆபத்து, என்ன செய்யவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்று எல்லாமே இருக்கிறது. பிழைகளை எண்ணிக்கொண்டு உட்கார எந்த எழுத்தருக்கும் நேரம் கிடையாது.

எழுதுவதற்கு முன்

ஆகவே, பேனாவை எடுக்கவே வேண்டாம் என்பேன். வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆபீசர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உங்க கையில கொடுத்தா, இல்ல எந்த வேலையைச் செஞ்சு முடிச்சா, நீங்க திருப்தியா வீட்டுக்குப் போவீங்க?"

இந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்துப் போகிறவர்கள் அதிகம். படித்தவர்கள் இன்னும் அதிகம். "நியாயம் கிடைக்கணும்" என்பார்கள். சரி, அந்த நியாயம் பட்டாவாக வருமா, சான்றிதழாக வருமா, ஜேசிபியாக வருமா? அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மாமனார், கொழுந்தனார், கல்யாணத்தில் நடந்த சண்டை என்று அரைமணி நேரம் சொன்னார். கேள்வியைக் கேட்டதும், "பட்டாவுல எம் பேரு வரணும்" என்றார். அப்புறம் அடுத்த கேள்வி: அந்தச் சர்வே எண்ணில் உள்ள நிலம் முழுவதும் உங்களுடையதா, ஒரு பகுதியா? ஒரு பகுதி என்றார். அப்படியானால் வெறும் பெயர் மாற்றம் போதாது. நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்யவேண்டும். இப்போது அவருடைய மனு தானாகவே எழுதிக்கொண்டது: இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண்ணில், இந்தப் பத்திர எண்படி எனக்குச் சேர்ந்த 40 சென்ட் நிலத்தை உட்பிரிவு செய்து என் பெயரில் தனிப்பட்டா வழங்கவேண்டும். கல்யாணச் சண்டைக்கு அதில் இடமில்லை.

சில சமயம் இந்தக் கேள்வி மனுவையே இல்லாமல் ஆக்கிவிடும். பாதைத் தகராறு என்று வந்த ஒருவர், யோசித்து யோசித்து, "அவன் ஊர் முன்னாடி எங்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்" என்றார். அண்ணே, அதைத் தாசில்தார் கொடுக்கமுடியாது என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

பதில் கிடைத்துவிட்டால், அது யாருடைய வேலை என்பதும் கூடவே தெரிந்துவிடும். இதில் பெரிய குழப்பம் நடக்கிறது. எல்லாவற்றையும் கலெக்டருக்கே எழுதுகிறோம். எழுதலாம், தப்பில்லை. ஆனால் அது அங்கிருந்து கீழே இறங்கித்தான் வரவேண்டும். சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்தினர் எஸ்டி (பழங்குடியினர்) சான்றிதழுக்குத் தாசில்தாருக்கு மனு எழுதி வருவார்கள். அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு. தெருவிளக்கும் குடிநீரும் கிராமத்தில் ஊராட்சி, அதற்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலர். சேலம் மாநகராட்சிக்குள் இருந்தால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

கேட்பதை முதலில் எழுதுங்கள். கதை பிறகு. நம் பழக்கம் இதற்கு நேர் எதிர். தாத்தா நிலம் வாங்கியதில் ஆரம்பித்து, ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி, மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் கோரிக்கை வரும். பெரியவரிடம் எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதையில்லை என்று ஒரு கூச்சம். வீட்டில் அது சரி. ஆபீசில் ‘பொருள்’ என்று ஒரு வரி வைத்திருப்பதே கோரிக்கையை அங்கே எழுதத்தான். ‘பொருள்: நிலம் சம்பந்தமாக’ என்று எழுதினால் அந்த வரி வீண். ‘பொருள்: பட்டா மாறுதல் – வாரிசு அடிப்படையில் – இன்ன கிராமம், சர்வே எண் இன்னது’ என்று எழுதினால், எழுத்தர் உள்ளே படிக்காமலேயே பிரிவைக் குறித்துவிடுவார்.

அடுத்து, நடந்ததை நடந்த வரிசையில், தேதியோடு. ‘போன ஆடியில்’, ‘கொரோனா சமயத்தில்’ என்று எழுதாதீர்கள். சரியான தேதி தெரியாவிட்டால் மாதமும் வருடமுமாவது போடுங்கள். பத்திரம், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று எதைப் பார்த்தாலும் தேதி கிடைக்கும்.

குடும்ப விவகாரங்களில் மனு சிக்கலாகிற இடம் உறவுமுறை. பேச்சில் ‘சித்தப்பா’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. தாளில் அப்பாவுடைய சித்தப்பாவா, உங்களுடைய சித்தப்பாவா? "சித்தப்பா இறந்தபிறகு அவர் மகன் அவருக்குக் கொடுத்ததை விற்றுவிட்டார்" என்ற வாக்கியத்தில் இலக்கணப்பிழை எதுவும் இல்லை, ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார், யார் விற்றார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள், முதல் தடவை மட்டும் உறவைச் சொல்லுங்கள், அப்புறம் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுங்கள். ஒரே பெயர் பக்கத்துக்கு எட்டு தடவை வந்தால் அழகு கெடும் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். கெடட்டும்.

மூன்று நான்கு வாரிசுகள் இருந்தால், மனுவோடு ஒரு வம்சாவளியை வரைந்து வையுங்கள். மேலே தாத்தா, கீழே பிள்ளைகள், இறந்தவர் பக்கத்தில் இறந்த தேதி. ஒரு பக்க விளக்கம் மிச்சம்.

அளவுகளில் கவனம். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். வருவாய்த்துறைப் பதிவான சிட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். 100 சென்ட் ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர், ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். மனுவில் 40 சென்ட் என்று எழுதி, இணைத்த சிட்டாவில் 16 ஏர் சொச்சம் இருந்தால், புதிதாக வந்த எழுத்தர் முரண்பாடு என்று குறிப்பெழுதிவிட வாய்ப்பிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மொழியில் உண்மையாகவே கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது பெயர். ஆதாரில் ராஜம்மாள், பட்டாவில் ராசம்மாள், பத்திரத்தில் ரா. ராஜம்மா. மனுவில் நான்காவதாக ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துவிடாதீர்கள். ஆதாரில் உள்ளபடி எழுதி, ‘ராஜம்மாள் (எ) ராசம்மாள்’ என்று சேர்த்து, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி போடுங்கள். இன்ஷியலும் அப்படியே. எழுத்துப்பிழையால் மனு நிற்காது என்று மேலே சொன்னேனே, அதற்கு இது ஒன்றே விலக்கு.

ஒரு மனுவில் ஒரு விஷயம். முதியோர் உதவித்தொகை, வீட்டுக்கு முன்னால் சாக்கடை, பக்கத்து வீட்டுக்காரர் மரக்கிளை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், அது மூன்று துறைக்குப் போகவேண்டும். நடைமுறையில் முதல் விஷயத்துக்குரிய பிரிவில் போய் உட்கார்ந்துவிடும். மற்ற இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. பேப்பர் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

கோபத்தை என்ன செய்வது? அது வரும். நியாயமான கோபமாகவும் இருக்கும். தனித்தாளில் எழுதித் தீருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். எழுதியும் கொடுத்திருக்கிறார்கள், சிலது நாடகமாகவே போடலாம். பிறகு அதிலிருந்து தேதி, பெயர், இடம், பணம் ஆகிய நான்கை மட்டும் பொறுக்கி மனுவில் வைப்போம். "லஞ்சப் பேய்கள்" என்று எழுதினால் படிக்கிறவருக்குக் கோபம் வருமே தவிர வேலை நடக்காது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், இவ்வளவு பணம் கேட்டார் என்று எழுதமுடியுமானால், அதை லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தனியாக எழுதுங்கள்.

ஆங்கிலமும் ஏஐயும்

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பாவுக்காக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தில் போனால் பயப்படுவார்கள் என்று ஒரு நினைப்பு. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. தாலுகா ஆபீசில் குறிப்பு எழுதுவது தமிழில்தான். உங்கள் ஆங்கிலத்தை ஒருவர் தமிழாக்கி எழுதவேண்டும், அவர் புரிந்துகொண்டதுதான் கோப்பில் உங்கள் கோரிக்கையாக நிற்கும். எதற்கு அந்த வேலை?

இப்போது புதிதாக வருவது ஏஐ மனு, போனில் உள்ள செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவது. போன மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தான். "இயற்கை எழில் கொஞ்சும் சேர்வராயன் மலையின் மடியில் அமைந்துள்ள எங்கள் கிராமம்" என்று ஆரம்பித்தது. படிக்கப் படிக்கச் சுற்றுலாத் துறை விளம்பரம் போலவே இருந்தது. சாலை வசதி, அடிப்படை உரிமை, நிலையான வளர்ச்சி எல்லாம் வந்தன. எந்தச் சாலை என்று மட்டும் வரவில்லை. "எங்கிருந்து எதுவரைக்கும் கண்ணு?" என்றேன். மாரியம்மன் கோயிலிலிருந்து ரேஷன் கடைவரை, 400 மீட்டர் இருக்கும், நடுவில் ஒரு ஓடைப்பாலத்தின் பக்கச்சுவர் இடிந்திருக்கிறது, மிளகு ஏற்றிய ஜீப் ஒன்று சரிந்தது என்று மளமளவென்று சொன்னான். எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. போனிடம் "ரோடு சரியில்லைன்னு ஒரு மனு எழுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். நாம் சொல்லாததை அது அலங்காரத்தால் நிரப்பிவிட்டது.

ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் சிபாரிசு வேறு. முதலில் போனில் குரல்வழித் தட்டச்சைப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல நடந்ததைச் சொல்லுங்கள். எழுத வராது என்கிறவர்கள் பேசும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறார்கள் என்பது ஆச்சரியம். அதில் தேவையில்லாததை நீங்களே அடியுங்கள். அப்புறம் வேண்டுமானால் அதனிடம் பிழை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், எதையும் சேர்க்காதே என்று சொல்லியே கொடுங்கள். திருத்தி வந்ததும் சர்வே எண், தேதி, பெயர் மூன்றையும் கையில் உள்ள காகிதத்தோடு ஒப்பிடுங்கள். இதில் சோம்பல் கூடாது.

தகவல் உரிமை மனுவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் யோசிக்காமல் எழுதினால் பத்து ரூபாயும் ஒரு மாதமும் போய்விடும். 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டம், ஏற்கெனவே பதிவாக உள்ள தகவலைத்தான் தரச் சொல்கிறது. "என் மனு மீது ஏன் நடவடிக்கை இல்லை? இதற்கு யார் பொறுப்பு? இது நியாயமா?" என்று கேட்டால், இது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரிப் பதில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் சட்டப்படி சரியாகவும் இருக்கும். ‘ஏன்’ என்பதைக் காகிதமாக மாற்றுங்கள். இன்ன தேதியில் நான் கொடுத்த, இன்ன எண்ணுள்ள மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். அந்த மனு எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் போனது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். இந்த இரண்டும் வந்தால், யார் மேசையில் தூங்குகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் தரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எழுதவே வராதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவவேண்டும் என்று பொதுத் தகவல் அலுவலருக்கு இந்தச் சட்டத்தின் 6(1) பிரிவு சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே, என்ன வேண்டும் என்று தெரிந்தவருக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம் என்பது புரிந்திருக்கிறது.

கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

எழுதி முடித்ததும், எட்டாவது ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. படித்து முடித்ததும், "இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று கேளுங்கள். பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டால் மனு தயார். "ஏதோ நிலப் பிரச்சினை" என்று இழுத்தால், திருப்பி எழுதுங்கள். எம்.ஏ. படித்தவரிடம் கொடுத்துப் பார்க்காதீர்கள், அவர் சந்தி திருத்தித் தருவார்.

இணைப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, மனுவின் அடியில் பட்டியல் எழுதுங்கள். அசல் எதையும் கொடுக்கவேண்டாம், நகல் மட்டும். செல்போன் எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே தெளிவாக, இடைவெளி விட்டு எழுதுங்கள். ஞாயிறே எழுதிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் பஸ்ஸில் எழுதிய எண்களில் ஒன்றையும் ஏழையும் பிரித்துக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பதில் வரவில்லையென்றால் நினைவூட்டல் எழுதும்போது பழைய கதையை மறுபடி எழுதவேண்டாம். இன்ன தேதியில் கொடுத்த, இன்ன எண்ணுள்ள மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தெரிவிக்கவும் என்று இரண்டு வரி போதும். புதிதாக நான்கு பக்கம் எழுதினால் அது புது மனுவாகப் புது எண் வாங்கி, வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பழைய மனுவின் நகலை அடியில் வைத்து ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். குண்டூசி வேண்டாம், பிரிக்கிறவர் விரலில் குத்தும்.